மீண்டும் விழுந்தோரின் சாட்சி: ஒரு நூலைக் குறித்த இறையியல் மதிப்பீடு

1. கேள்வி

நமது சபைகளின் ஸ்தோத்திரப் பண்டிகைகளிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் கேட்கப்பெறும் சாட்சிகளுள், குடியிலிருந்து விடுதலை பெற்றோரின் சாட்சி தனியிடம் உடையது. அதன் அமைப்பு நாம் யாவரும் அறிந்ததே. முதலில் இருண்ட நாட்கள். பின்னர் ஒரு கூட்டம், ஒரு வசனம், ஓர் இரவு. அதன்பின் இந்நாள்வரை வெற்றி. சபையார் கண்ணீரோடு தேவனைத் துதிப்பர். ஆனால் அச்சாட்சியைக் கூறியவர் ஆறு திங்களுக்குப் பின் மீண்டும் குடிப்பாராயின் நேர்வது யாது? அவர் ஆலயத்திற்கு வருவதில்லை. அவருடைய மனைவி பின்வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறப்படுமுன்னரே எழுந்து போகிறார். சபையார் அவர் பெயரைச் சொல்லாதிருக்கப் பழகிக்கொள்கின்றனர். அவரை மேடையேற்றியவர் தாமே என்னும் கூச்சத்தால் ஆயரும் அத்தெருவைத் தவிர்த்துவிடுகிறார்.

முதல் திரும்புதலுக்கு நம்மிடம் ஒரு மேடை உண்டு. ஒரு பாட்டு உண்டு. ஒரு ஜெபம் உண்டு. இரண்டாம் திரும்புதலுக்கு யாதொன்றும் இல்லை. இது சபையாரின் இரக்கக் குறைவினால் மட்டும் நேர்வதெனக் கொள்வதற்கில்லை. நாம் பயின்றுவரும் சாட்சியின் வடிவமே ‘முன்பு, பின்பு’ என இரண்டே பகுதிகளை உடையது. அவ்வடிவத்தினுள் மறுவீழ்ச்சிக்கு இடமில்லையாதலால், விழுந்தவருக்கும் இடமில்லாமற் போகிறது.

இக்கேள்வியை உள்ளத்திற்கொண்டு, 1939ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நியூயார்க்கில் வெளியான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஆங்கில நூலை மதிப்பிட முற்படுகிறோம். ‘பெயர் வெளியிடாக் குடிநோயர்’ என அத்தலைப்புக்குப் பொருள் கூறலாம். அதனை வெளியிட்ட குழுமமும் அந்நூலின் பெயராலேயே அறியப்படலாயிற்று. 1955, 1976, 2001 ஆகிய ஆண்டுகளில் அதன் அடுத்தடுத்த பதிப்புகள் வெளிவந்தன. உறுப்பினர் கதைகள் மாற்றப்பட்டபோதிலும், தலைமை அதிகாரங்கள் ஏறத்தாழ முதற்பதிப்பில் இருந்தவாறே இருக்கின்றன. அதிற் கூறப்பெற்ற ‘பன்னிரு படிகள்’ நம் நாட்டு மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் வழங்குகின்றன. எனினும் அந்நூலை இறையியல் நோக்கோடு ஆய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் முயற்சி நம்மிடையே அருமையாகவே உள்ளது.

2. மறுவீழ்ச்சியில் தொடங்கிய ஒரு வரலாறு

நூலை அறிய அதன் பிறப்பை அறிதல் வேண்டும். அதன் பெரும்பகுதியை எழுதியவர் பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத்தரகர். குடியின் பொருட்டு நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பன்முறை சேர்க்கப்பட்டவர். 1934ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய பழைய நண்பர் எப்பி தாச்சர் அவரைக் காண வந்தார். பழங்குடியரான எப்பி, தாம் குடியை விட்டுவிட்டதாகவும், அது சமயத்தினால் ஆயிற்று என்றும் கூறினார். லூத்தரன் குருவானவர் பிராங்க் புக்மன் தொடங்கிய ‘ஆக்ஸ்போர்டு குழு’ என்னும் இயக்கத்தினர் அவரைத் தாங்கியிருந்தனர். அடுத்த திங்களில் பில் வில்சன் இறுதியாக மருத்துவமனை சேர்ந்தபோது, அங்கே பேரொளி போன்ற ஓர் அனுபவம் பெற்றார். அதன்பின் அவர் குடிக்கவில்லை.

இதுவரை இவ்வரலாறு நாம் அறிந்த சாட்சியின் வடிவிலேயே அமைந்துள்ளது. அதன்பின் நிகழ்ந்தவையே நமது கவனத்திற்கு உரியவை. பில் வில்சன் பல திங்கள் குடியரைத் தேடிச் சென்று தம் அனுபவத்தை எடுத்துரைத்தார், ஒருவரும் குணமடையவில்லை. 1935ஆம் ஆண்டு மே திங்களில் தொழில் நிமித்தம் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்று, அம்முயற்சி தோல்வியுற, விடுதியின் முன்கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபுறம் ஊர்ச் சபைகளின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். குடியர் ஒருவருடன் பேசாவிடில் தாம் குடித்துவிடுவோம் என அஞ்சிய அவர், குருவானவர் ஒருவரை அழைத்தார். அதன் பயனாக மே 12ஆம் நாள் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்ட மருத்துவர் பல மணி நேரம் பேசினார்.

மருத்துவர் ஸ்மித் சமயம் அறியாதவர் அல்லர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆக்ஸ்போர்டு குழுவின் கூட்டங்களுக்குச் சென்றும், ஜெபித்தும், திருமறை வாசித்தும், ஒவ்வோர் இரவும் குடித்துவந்தவர். பில் வில்சனைச் சந்தித்தபின் குடியை விட்டார். ஆனால் சில வாரங்களில் அட்லாண்டிக் நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டிற்குச் சென்றவர் மீண்டும் குடித்தார். சில நாட்கள் இருக்குமிடமும் தெரியவில்லை. வீடு திரும்பிய அவரைப் பில் வில்சனும், ஸ்மித்தின் மனைவி ஆனும் பேணினர். சில நாட்களில் அவர் ஓர் அறுவை மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது. அன்று காலை, நடுங்கும் கைகள் நிலைபெறப் பில் வில்சன் அவருக்கு ஒரு புட்டி பீர் கொடுத்தார். அதுவே அவர் இறுதியாக அருந்திய மது. அறுவை முடிந்தபின் அவர் நெடுநேரம் வீடு திரும்பவில்லை. மீண்டும் குடிக்கச் சென்றாரோ என வீட்டார் கலங்கினர். அவரோ, தாம் யாரைக் கண்டு அஞ்சி ஒளிந்தாரோ அவர்களுடைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, தம் நிலையைக் கூறிக் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

அக்குழுமம் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுவது 1935 ஜூன் 10ஆம் நாளை. அதாவது மருத்துவர் ஸ்மித் இறுதியாகக் குடித்ததாகக் கருதப்படும் நாளை. மருத்துவர் மாநாடு நடந்த நாட்களைக் கணக்கிட்டு, அது ஒரு வாரம் பிந்தியிருக்கக் கூடும் என வாதிடுவாரும் உளர். நாள் எதுவாயினும், தெரிவு கருதத்தக்கது. பேரொளி கண்ட டிசம்பர் இரவையோ, இருவரும் முதன்முதல் சந்தித்த மே மாத மாலையையோ அவர்கள் தொடக்கமாகக் கொள்ளவில்லை. ஒருவர் திரும்பி, விழுந்து, மீண்டும் எழுந்த நாளையே தொடக்கமாகக் கொண்டனர். நம் சாட்சி மேடையில் சொல்லக் கூசுகின்ற அந்த நாளிலிருந்தே அவர்கள் தங்கள் ஆண்டுகளை எண்ணுகின்றனர்.

3. மூன்றாம் அதிகாரத்தின் உண்மை

இந்நூலின் மிகச் சிறந்த பகுதி மூன்றாம் அதிகாரமே என்பது நமது துணிபு. மறுவீழ்ச்சி எவ்வாறு நேர்கிறது என்பதை இத்துணை எளிமையாகவும் கூர்மையாகவும் எடுத்துரைக்கும் பகுதி, போதகர் வாசிப்பதற்கென எழுதப்பெற்ற நூல்களிலும் அரிது. பொதுவாக நாம், துயரமோ தீய நட்போ பெருஞ்சோதனையோ வந்தாலன்றி ஒருவர் மீண்டும் விழுவதில்லை என எண்ணுகிறோம். நூலாசிரியர் தரும் எடுத்துக்காட்டுகள் அவ்வெண்ணத்தைத் தகர்க்கின்றன.

ஒருவர் முப்பது வயதில் குடியை விட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு துளியும் தொடாதிருந்தவர். ஓய்வு பெற்றபின், இனி அச்சமில்லை எனக் கருதிப் புட்டியை எடுத்தார். நான்கு ஆண்டுகளில் மாண்டார். மற்றொருவர், தாம் உரிமையாளராய் இருந்து இழந்த வாகன நிறுவனத்திலேயே விற்பனையாளராய்ப் பணியாற்றுபவர். ஒரு நாள் சற்றே மனக்கசப்போடு வெளியூர் சென்றவர், வழியில் உண்டு பால் அருந்தினார். வயிறு நிறைந்திருக்கும்போது பாலில் சிறிது விஸ்கி கலந்தால் தீங்கில்லை என்னும் எண்ணம் தோன்றிற்று. அவர் மீண்டும் மனநோய் மருத்துவமனையில் முடிந்தார். மூன்றாமவர் கணக்காயர். வாஷிங்டன் நகரில் தம் பணியை நன்கு முடித்து, யாதொரு கவலையும் இல்லாத ஒரு மாலையில், உணவோடு சிறிது மது நன்றாயிருக்கும் என நினைத்தார். அவ்வளவே.

பாலில் கலந்த மது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இங்கே பெரிய சோதனைக்காரன் கர்ச்சிக்கிற சிங்கமாக வரவில்லை. மதிய உணவு வேளையில் ஒரு சிறு நியாயத்தைக் கூறிச் செல்கிறான். நாம் குடியரை நோக்கிச் செய்யும் பிரசங்கங்கள் பெரும்பாலும் மனவுறுதியை நோக்கியவை. ஆனால் அந்நேரத்தில் மனவுறுதி தோற்கவில்லை. அது அழைக்கப்படவே இல்லை. தான் விரும்பாததையே செய்கின்ற மனிதனைக் குறித்து ரோமர் 7ஆம் அதிகாரத்தில் பவுல் கூறுவதை வகுப்பறையில் விளக்கும் நாம், அதன் உரையாக இவ்வதிகாரத்தை மாணவருக்கு வாசிக்கக் கொடுக்கலாம்.

ஆக்ஸ்போர்டு குழுவிலிருந்து இந்நூல் பிரிந்து நிற்கும் இடமும் இதுவே. அக்குழு முழுமையான நேர்மை, முழுமையான தூய்மை, முழுமையான தன்னலமின்மை, முழுமையான அன்பு என நான்கு முழுமைகளை அளவுகோலாக வைத்தது. முழுமையைக் கேட்ட குடியர், அதை எட்டாதபோது யாவற்றையும் கைவிட்டனர். ஆதலின் இந்நூல் நிறைவைக் கோராது வளர்ச்சியைக் கோருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் அன்றன்றைய விடுதலையையே நாடுகிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்குச் சேர்த்துவைக்க இயலாதிருந்ததை (யாத்திராகமம் 16) நாம் ஈண்டு நினைவுகூரலாம். நம் கன்வென்ஷன் பக்தி ‘ஒரே முறையில் முழு வெற்றி’ என்பதையே பெரிதும் வலியுறுத்தி வந்துள்ளமையால், இவ்வேறுபாடு நமக்குரிய எச்சரிப்பும் ஆகும்.

4. ஐந்தாம் அதிகாரத்தின் குறை

ஆயினும் நூலின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கம் நமக்கு உடன்பாடானதன்று. அக்குழுமத்தின் கூட்டங்களில் மிகுதியாக வாசிக்கப்பெறும் பகுதியும் அதுவே. வழியை முற்றிலும் பின்பற்றியோர் தோற்பது அரிது என்றும், குணமடையாதோர் பெரும்பாலும் தம்மிடம் தாமே நேர்மையாயிருக்க இயலாத இயல்பினர் என்றும் ஆசிரியர் கூறுகிறார். அவர்கள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர் போலும் எனக் கூறி, அவர்களைக் குற்றத்தினின்று விடுவிக்கவும் முயல்கிறார். நோக்கம் இரக்கமே. விளைவோ கொடிது. இது முன்குறிக்கப்பட்ட ஆக்கினையின் கோட்பாடு, சமயச் சொற்கள் நீங்கிய உருவில் திரும்ப வந்ததாகும். மீண்டும் விழுந்தவர் இவ்வரிகளைக் கேட்கும்போது, ‘வழி தவறாதது, ஆகவே நானே நேர்மையற்றவன், ஒருவேளை திருத்தவே இயலாதவன்’ என்னும் முடிவிற்கு வருவது இயல்பு.

நூலின் பிறப்பு வரலாறே இக்கூற்றை மறுக்கிறது. நூல் வெளியாகப் பெரிதும் பாடுபட்டவரும், முதற்பதிப்பில் தம் கதையை எழுதியவருமான ஹாங்க் பார்க்ஹர்ஸ்ட், நூல் வெளியான அதே ஆண்டில் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். பில் வில்சனுக்குச் செய்தி கொண்டுவந்த எப்பி தாச்சரும் 1937ஆம் ஆண்டில் மீண்டும் குடித்தார். அதன்பின் எழுவதும் விழுவதுமாகவே அவர் வாழ்வு பெரும்பாலும் கழிந்தது. இறுதி ஆண்டுகளில் தெளிவுடன் வாழ்ந்து 1966இல் மறைந்தார். நூல் எழுதப்பட்டபோதே நண்பரின் வீழ்ச்சி ஆசிரியருக்குத் தெரியும். ஆயினும் முதல் அதிகாரத்தில் அந்நண்பர் வெற்றி பெற்றவராகவே தோன்றி மறைகிறார். சாட்சியின் பழைய வடிவம் இங்கே ஆசிரியரின் கையையும் பிடித்துக்கொண்டது எனலாம்.

ஆனால் நூல் மறைத்ததை ஆசிரியரின் வாழ்வு மறைக்கவில்லை. பில் வில்சன் இறுதிவரை எப்பியைத் தம் வழிகாட்டி என்றே அழைத்துவந்தார். விழுந்தவர் கொணர்ந்த செய்தியினால் எழுந்தவர் நின்றார். திருவருட்சாதனத்தின் வன்மை அதனைக் கொடுக்கும் குருவின் தகுதியைச் சார்ந்ததன்று எனத் தொனாத்தியருக்கு எதிராக அகுஸ்தீன் வாதிட்டதை நம் மாணவர் தேர்வுக்காகப் படிக்கின்றனர். அவ்வாதத்தின் பொருளை எப்பியின் வாழ்வில் நாம் கண்ணாரக் காண்கிறோம்.

உளவியலார் கண்டதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மறுவீழ்ச்சித் தடுப்பைக் குறித்த நூலில், முதல் சறுக்கலுக்கும் முழு வீழ்ச்சிக்கும் இடையே நிகழ்வதை ஆராய்ந்தனர். ஒரு முறை குடித்தவர், ‘எல்லாம் கெட்டது, நான் இத்தகையவனே’ எனத் தம்மைத் தாமே தீர்த்துக்கொள்ளும்போது, அவ்வெட்கமே அடுத்த குவளைக்கு அவரை இட்டுச் செல்கிறது. ஆகவே சபை விழுந்தவரை வெட்கப்படுத்தும்போது, அவர் நோயைக் கண்டிப்பதாக எண்ணி அந்நோய்க்கே துணை செய்கிறது. அதே வேளையில், இக்குழும வழியை இகழ்வதற்கும் இடமில்லை. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முறையாக நடத்தப்படும் பன்னிரு படி சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேம்பட்ட பயன் தருவதாகக் கண்டது. வழி நன்று, வழியில் விழுந்தோரைக் குறித்த விளக்கமே குறையுடையது.

5. திருச்சபை மறந்த விவாதம்

இக்குறையை நிறைவுசெய்யத் திருச்சபையிடம் பழைய செல்வம் உண்டு. 250ஆம் ஆண்டளவில் தெசியு பேரரசன் காலத்து உபத்திரவத்தில் பலியிட்டு விசுவாசத்தை மறுதலித்தோரை இலத்தீன் சபையார் ‘லாப்சி’, அதாவது ‘விழுந்தோர்’ என அழைத்தனர். இன்று மருத்துவர் வழங்கும் ‘ரிலாப்ஸ்’ என்னும் சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. உபத்திரவம் தணிந்தபின் விழுந்தோர் ஆலயக் கதவைத் தட்டினர். அவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்றார் உரோமையின் நொவாத்தியன். உரிய மனந்திரும்புதலின் பின் சேர்க்கலாம் என்றனர் கார்த்தேசுவின் சிப்பிரியானும் 251ஆம் ஆண்டில் அங்குக் கூடிய ஆயர்களும். 325இல் நிசேயா சங்கம், நொவாத்தியன் பிரிவினர் சபைக்குத் திரும்ப விரும்பின், விழுந்து மனந்திரும்பினோருடன் ஐக்கியங்கொள்ள எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என விதித்தது. விழுந்தோரோடு ஒரே பந்தியில் அமர மறுப்பவர் தூய்மையானவர் என்று சபை கருதவில்லை. அவர்களே திருத்தம் பெற வேண்டியவர் எனக் கருதிற்று.

எபிரெயர் 6:4–6ஐச் சுட்டி நம்மிடம் கேள்வி எழுப்புவார் உண்டு. அறிந்தே கிறிஸ்துவை மறுதலித்து விலகிப்போவதைக் குறித்த எச்சரிப்பை, மீண்டும் குடித்துவிட்டு வாசலில் நின்று அழுகிறவர்மேல் சுமத்துதல் பொருந்தாது. அவர் அழுவதே அவர் விலகிப்போகவில்லை என்பதற்குச் சான்று. ஒரே நாளில் ஏழு தரம் வந்து மனஸ்தாபப்படும் சகோதரனை ஏழு தரமும் மன்னிக்கக் கற்பித்தவர் (லூக்கா 17:4) நம் ஆண்டவர். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்கவேண்டும் என்பதையே 1517இல் லூத்தர் தம் முதல் கோட்பாடாக வைத்தார். சீர்திருத்தச் சபையாராகிய நாமே மனந்திரும்புதலை ஒரே இரவாகச் சுருக்கிக்கொண்டது வியப்புக்குரியது.

6. மீளக் கட்டுதலும் இல்லத்தாரின் குரலும்

இவ்வாறு கூறுவதால் போன்ஹோபர் 1937இல் கண்டித்த ‘மலிவான கிருபை’யை நாம் வழங்குகிறோமா? இவ்வையம் நியாயமானதே. அதற்கு விடை நூலின் எட்டாம் ஒன்பதாம் படிகளில் உள்ளது. தாம் தீங்கிழைத்தோரின் பட்டியலை எழுதி, பிறருக்குக் கேடு நேராத அளவில், நேரில் சென்று ஈடுசெய்தலை அவை வேண்டுகின்றன. இதனை விளக்குமிடத்தில் ஆசிரியர் ஓர் உழவனைக் காட்டுகிறார். சூறாவளிக்கு அஞ்சி நிலவறையில் இருந்தவன் வெளியே வந்து, இடிந்து கிடக்கும் தன் வீட்டைக் கண்டும், காற்று நின்றுவிட்டதே என்று மனைவியிடம் மகிழ்கிறான். குடியை விட்டதே போதும் என எண்ணுபவர் இவ்வுழவனை ஒத்தவர். காற்று நின்றது உண்மை. வீட்டை யார் கட்டுவது? சகேயு தன் வீட்டில் இரட்சிப்பைக் கண்ட நாளிலேயே நாலத்தனை திரும்பச் செலுத்த முன்வந்தான்.

இங்கே நூலின் மற்றொரு குறையையும் சுட்டல் வேண்டும். எட்டாம் அதிகாரம் குடியரின் மனைவியருக்கு எழுதப்பட்டது. மனைவியர் பேசுவதாகவே அமைந்தது. ஆனால் அதனை எழுதியவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ் அதை எழுத விரும்பியும் அவ்வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. கணவன் தன் மனைவியின் குரலில் பொறுமையைப் போதிக்கும்போது, அப்பொறுமை யாருக்கு நலம் என்னும் ஐயம் எழாமற் போகாது. தற்காலிகப் பிரிவு நேரலாம் என அவ்வதிகாரம் ஒப்பினும், கோபங்கொள்ளாமையே அதன் தலையாய அறிவுரை. 1951இல் லோயிஸ் முதலியோர் குடியர் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ என்னும் தனிக் குழுமத்தைத் தோற்றுவித்தனர். அப்போதுதான் அக்குரல் தனக்குரிய வாயைப் பெற்றது.

நமது ஆயர் இல்லங்களில் இது கண்கூடு. அடிபட்டு வந்து நிற்கும் மனைவியிடம் ‘இன்னும் சற்றுப் பொறு, ஜெபி’ எனச் சொல்லியனுப்பிய நாம், அவள் கணவனுக்குக் கிருபையைப் போதித்தோம். அதன் விலையை அவளிடம் வாங்கினோம். மன்னிப்பும் நம்பிக்கையும் வெவ்வேறு. மன்னிப்பு ஒரே நாளில் கொடுக்கப்படலாம். நம்பிக்கை மெல்ல வளர்வது. அதனைக் கேட்டு வாங்க இயலாது. மீண்டும் எழுந்தவர் தம் பிள்ளைகள் தம்மை உடனே நம்பவில்லை என்று வருந்துவாராயின், அவர்களுக்கும் குணமடையக் காலம் தேவை என்பதை ஆயர் அவருக்கு அன்போடு உணர்த்த வேண்டும்.

விட்டுப்போன அசுத்த ஆவி திரும்பி வந்தபோது, வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டும் வெறுமையாய் இருந்தது என நம் ஆண்டவர் கூறினார் (மத்தேயு 12:43–45). மறுவீழ்ச்சியைக் குறித்த உவமை இதுவே. பெருக்குதலோடு நாம் நின்றுவிடுகிறோம். குடி நீங்கியபின் வெறுமையாகும் மாலை நேரத்தை, நட்பை, கைகளை நிரப்புவது யாது? நூல் தரும் விடை தொண்டு. அதாவது துன்புறும் மற்றொருவரைத் தேடிச் செல்லுதல். ஆக்ரன் விடுதியில் தொலைபேசியை எடுத்தபோது பில் வில்சன் பிறரை இரட்சிக்கச் செல்லவில்லை. தாம் பிழைத்திருக்கவே சென்றார்.

7. திருப்பணிக்குச் சில முடிபுகள்

2003 முதல் அரசே சில்லறை மதுக்கடைகளை நடத்திவரும் தமிழகத்தில் திருப்பணி செய்வோருக்கு இவ்வாய்வினின்று சிலவற்றைக் கூற விழைகிறோம்.

முதலாவது, ஒருவர் மீண்டும் குடித்தார் எனக் கேட்டால், ஆயர் காலந்தாழ்த்தாது அவரைக் காணச் செல்ல வேண்டும். கண்டிக்கவேண்டியவை பின்னர் வரலாம்.

இரண்டாவது, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ‘ஜெபித்து இன்றே விட்டுவிடு’ என்று மட்டும் கூறுதல் அறியாமை. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலும் திருப்பணியே.

மூன்றாவது, புதிதாய் விடுதலை பெற்றவரை விரைந்து மேடையேற்றலாகாது. அவருடைய சாட்சி நமது கூட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகிவிடின், அவருடைய வீழ்ச்சி நமது வெட்கமாகிவிடும். நாம் அவரைக் கைவிடுவோம். மாறாக, இரண்டாம் மூன்றாம் முறை எழுந்தோர் விரும்பினால், சிறு குழுவில் தம் முழுக் கதையையும் கூற இடமளிக்க வேண்டும். ‘முன்பு, பின்பு’ என்னும் வடிவோடு ‘மீண்டும்’ என்னும் மூன்றாம் பகுதியும் நம் சாட்சியில் இடம்பெறட்டும்.

நான்காவது, பொறுப்புகளைப் படிப்படியாகவே திரும்பத் தருதல் வேண்டும். காணிக்கைப் பெட்டியின் திறவுகோலை உடனே தராதிருப்பது அவமதிப்பன்று. ஆனால் ஒருபோதும் தராதிருப்பது நொவாத்தியனின் வழி.

ஐந்தாவது, மனைவி மக்களைத் தனியே கேட்க வேண்டும். அவர்கள் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்ய வேண்டும். திருவிருந்தில் புளித்த மது வழங்கும் சபைகள், புளிக்காத திராட்சைச்சாற்றையும் எவரும் வேறுபடுத்திக் காணாதவாறு வழங்க ஆவன செய்தல் நலம்.

பேதுருவின் வரலாற்றோடு இதனை நிறைவுசெய்கிறோம். அவன் மறுதலிக்குமுன்னரே ஆண்டவர் அவனுக்காக வேண்டிக்கொண்டதையும், அவன் திரும்பியபின் சகோதரரை நிலைப்படுத்தும் பணியைக் குறித்துப் பேசியதையும் லூக்கா (22:31–32) எழுதுகிறார். வீழ்ச்சிக்கு முன்னரே அழைப்பு வந்துவிட்டது. பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகே (யோவான் 18:18). உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகே (21:9). புதிய ஏற்பாட்டில் அக்கிரேக்கச் சொல் வேறெங்கும் வருவதில்லை. அவ்விடத்தை அவனுக்கு நினைவூட்டாமல் மறைத்து மன்னிக்கவில்லை. நினைவூட்டித் தண்டிக்கவும் இல்லை. அந்நெருப்பில் மீன் சுட்டு, காலை உணவு கொடுத்து, பின்னரே கேள்வி கேட்டார். கேள்வியின் முடிவில் பணியைத் தந்தார். பின்வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போகும் அச்சகோதரியின் வீட்டிற்கு இவ்வாரமே நாம் செல்வோமாக. அவர் கணவர் உள்ளே இருக்கக் கூடும்.